திருப்பத்துத் தூண்

“தலைப் பக்கம் தூக்குங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, சுவத்துல இடிக்காதீங்க!”

தம்பியின் குரல் அச்சு அசலாக அப்பாவின் குரலாகவே இருந்தது. மேல் படியில் நின்றிருந்த மூத்தவளுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவோ கழுத்துவரை வெள்ளைத் துணி மூடி, குறுக்கே இரண்டு பட்டைகள் கட்டி, ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். சுவர் இடிபடுவதைப் பற்றி அவருக்கு இனிமேல் கவலை கிடையாது. கவலைப்பட ஆள் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுப் படிக்கட்டு பாதி இறங்கியதும் ஒரு சின்ன மேடையில் திரும்பும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் திருப்பத்தில், கருகருவென்று, மார்பளவு உயரத்தில் ஒரு மரத்தூண் நிற்கிறது. உச்சியில் ஒரு மர உருண்டை. மேலிருந்து வரும் கைப்பிடிக்கும் கீழே போகும் கைப்பிடிக்கும் அதுதான் ஆதாரம். ஸ்ட்ரெச்சரின் கால் பக்கம் அந்தத் தூணில் போய் முட்டியது. தலைப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. அமரர் ஊர்தியோடு வந்த வண்டிக்காரர்கள் இருவரும் மேலே தூக்கிப் பார்த்தார்கள், கீழே இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருச்சாய்த்துப் பார்த்தார்கள். அப்பா ஒரு பக்கமாக நழுவினார். பட்டை அவர் தோளில் இறுகியது.

“போதும்! மேல கொண்டு போங்க” என்றாள் மூத்தவள்.

வந்த வழியே அப்பா தன் அறைக்குத் திரும்பி, தன் கட்டிலிலேயே மறுபடி படுத்தார். “வீட்டை விட்டுப் போக மாமாவுக்கு மனசே இல்லை அண்ணி” என்று தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூத்தவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த உடம்பு. அழலாம் என்று நினைத்த இடத்திலெல்லாம் கோபம் முந்திக்கொண்டு வந்து நின்றது.

வண்டிக்காரர்களில் வயதானவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு நாற்காலி குடுங்கம்மா. உக்கார வச்சு, ஒரு போர்வையால கட்டி, மெதுவா இறக்கிடலாம். பழைய வீடுன்னா எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றது. கீழ போனதும் படுக்க வச்சுட்டா ஒண்ணும் தெரியாது.”

“நாற்காலி கிடையாது.”

அவள் சொன்ன விதத்தில் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெருவிலிருந்து பார்க்க வந்து ஜன்னலோரம் நின்றவர்கள்கூட.

“அக்கா, அவர் தப்பா ஒண்ணும் சொல்லலையே...” என்றான் தம்பி.

“இந்த வீட்டுலேர்ந்து இன்னொரு ஆளை நாற்காலியில கட்டி இறக்க நான் விட மாட்டேன்.”

முன்னால் இறங்கியதாக அவள் சொல்லும் ஆள் யார் என்று தம்பிக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முதுகு. கடைசிக் காலத்தில் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மாவின் முதுகில் தொடங்கி அம்மாவின் முதுகில்தான் முடியும். நின்றால் கொஞ்சம் தேவலை, படுத்தால் நிம்மதி, உட்கார்ந்தால்தான் உயிர் போகும். ஒரு வாய் தண்ணீர்கூடப் படுத்தபடியே ஒருக்களித்துக் குடிப்பாள். மூத்தவளுக்கு முதுகுகளைச் சரிசெய்வதுதான் வேலை. வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்துகிறவளால் தன் அம்மாவின் முதுகுக்கு ஒரு கைப்பிடி வாங்கித் தர முடியவில்லை.

ஆமாம், ஒரு கைப்பிடிதான் அவள் கேட்டாள். படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி இருக்கிறது, சுவர்ப் பக்கமும் ஒன்று வைத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா கீழே வந்துபோவாள். அதற்குச் சுவரில் நாலு துளை போட வேண்டும். அப்பா முடியாது என்றார். அந்தச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரிசையாக இலைகள் வரைந்திருக்கும். அடுக்கடுக்கான பெயின்டுக்கு அடியில் புதைந்து கிடந்த அந்த இலைகளை, ஒரு கோடைக்காலம் முழுக்கப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி வெளியே கொண்டுவந்தவர் அவர்தான்.

“அம்மாவோட முதுகு முக்கியமா, இலை முக்கியமா?” என்று கேட்டாள் அவள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி ஓர் இலையின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அதுதான் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நகரத்துப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் அப்பா. எந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது, எந்த வாசலை மாற்றக் கூடாது என்று பட்டியல் போடுவது அவர் வேலை. பட்டியலில் ஏறிய கட்டடத்தின் வாசலில் உள்ளங்கையளவு நீலத் தகடு ஒன்றைப் பதிப்பார்கள். பதித்துவிட்டால் வீட்டுக்காரன் தன் வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும். பாதி ஊர் அவரைக் கும்பிட்டது, மீதிப் பாதி அவர் தலையைக் கண்டாலே கரித்துக் கொட்டியது. தன் சொந்த வீட்டு வாசலிலும் அவரே நின்று நீலத் தகட்டைப் பதித்தார். “ஊரான் வீட்டுக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டமா?” என்றார். அன்றைக்கு அம்மா சிரித்தாள். தன்னையும் சேர்த்துத்தான் பட்டியலில் ஏற்றுகிறார் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கடைசி இரண்டு வருஷம் அம்மா மாடியை விட்டு இறங்கவே இல்லை. ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். தம்பிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். அக்காவும் தம்பியும் மத்தியானம் வந்து சேர்ந்தபோது அம்மா கீழே கூடத்தில், தலை வாரி, கைகளைக் கோத்துப் படுத்திருந்தாள். மூத்தவள் அழுது முடித்துக் கேட்ட முதல் கேள்வி, “எப்படி இறக்கினீங்க?”

“இறக்கினோம்” என்றார் அப்பா.

“நாற்காலியிலயா?”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இடது கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்கும் அவளே பதிலை எழுதிக்கொண்டாள். அது நடந்து ஆறு வருஷம். போர்வையால் கட்டுண்டு, தலை ஒரு பக்கம் தொங்க, படிக்குப் படி குலுங்கிக்கொண்டு நாற்காலியில் இறங்கும் அம்மாவை அவள் மனக்கண்ணில் எத்தனை தடவை பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால் “உக்காருங்க” என்ற வார்த்தையே அவள் வாயில் வராது. அப்பாவைப் பார்க்க வருவதும் குறைந்தது. வந்தாலும் படியேறும்போது கைப்பிடியைத் தொட மாட்டாள். வேண்டுமென்றே இலைகளின் மேல் கை வைத்து ஏறுவாள். அப்பா அதைப் பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை. வயசாகிவிட்டது, வாய் அடங்கிவிட்டது என்று நினைத்தாள்.

“தூணை அறுத்துடலாம்” என்றாள் இப்போது.

தம்பிதான் மெல்ல, “அக்கா, அப்பா இருந்தா...” என்று ஆரம்பித்தான்.

“அப்பா இல்லைடா. அதனாலதான் சொல்றேன்.”

அலுவலகத்தின் புது அதிகாரி மலர்வளையத்தோடு அறை வாசலில் நின்றிருந்தாள். சின்ன வயதுப் பெண். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேடம், இப்பப் போய் இதைச் சொல்றதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு. இது பட்டியல்ல இருக்கிற வீடு. அதுலயும் படிக்கட்டைத் தனியாக் குறிப்பிட்டிருக்கு. வெட்டணும்னா குழு கூடி அனுமதி தரணும்” என்றாள்.

“குழு எப்ப கூடும்?”

“வர்ற வியாழக்கிழமை.”

“அதுவரைக்கும் அவர் மேலயே இருக்கட்டும்ங்கிறீங்களா?” என்றார் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர்.

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அதிகாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. “பட்டியல்ல அதை எழுதினதே சார்தான்” என்றாள்.

மருந்துக்கடைக்காரருக்கு அப்பாவோடு பழைய கணக்கு உண்டு. கடைக்குக் கண்ணாடிக் கதவு போட மனு மேல் மனு கொடுத்து ஓய்ந்துபோனவர். நாளெல்லாம் எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டாலும், நேற்று சாயங்காலம் அப்பா மாடி ஜன்னலோரம் நாற்காலியில் சரிந்தபோது முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். “எங்கிட்ட ரம்பம் இருக்கு. கொண்டு வரவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பினார். எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்திருந்த ரம்பம். என்றைக்காவது இந்தத் தெருவில் எதையாவது அறுக்க வேளை வரும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தவர் போலிருந்தது. ஆனால் திருப்பத்துக்கு வந்து தூணுக்கு முன்னால் நின்றதும் அவர் கை தணிந்தது.

“நான் அறுக்கலைம்மா” என்றார். “மேலேர்ந்து அவர் பார்த்துக்கிட்டிருக்கிற மாதிரியே இருக்கு.”

ரம்பத்தை அவள் வாங்கிக்கொண்டாள்.

படியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மேலே தம்பி, அவன் மனைவி, வண்டிக்காரர்கள். கீழே அண்ணாந்து பார்க்கும் முகங்கள். இந்தத் தூணை அறுக்கவும் இந்தச் சுவரில் துளை போடவும் அவள் எத்தனை நாள் மனசுக்குள் ரம்பம் இழுத்திருப்பாள். இப்போது கையில் ரம்பம் வந்தபோது அது வெறும் கனமாக இருந்தது. எந்த இடத்தில் அறுப்பது என்று தூணின் மேல் விரலை ஓட்டினாள். முழங்கால் உயரத்தில் விரல் நின்றது.

முடி கனத்தில் ஒரு கோடு. மரத்தின் ரேகை என்று யாரும் கடந்துபோகிற கோடு. ஆனால் ரேகை தூணைச் சுற்றி வந்து படிபோல் மடங்கி இறங்காது. குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு மேலும் கீழும் சுண்டுவிரல் நுனியளவில் இரண்டு வட்டங்கள். சுற்றியுள்ள மரத்தை விட கொஞ்சம் வெளுப்பு.

அந்த வட்டங்கள் அவளுக்குத் தெரிந்தவை.

சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்தவள் அவள்தான். கூரைக்கு அடியில் தவழ்ந்து போய் உத்தரங்களைப் பழுதுபார்ப்பார். அரித்த மரத்தை வெட்டிவிட்டுப் புது மரத்தை நாக்கும் குழியுமாகக் கோத்து, மர ஆணி இறக்குவார். பசை போட மாட்டார். “நாளைக்கு ஒருத்தன் வந்து பிரிக்கணும்னா, உடைக்காம பிரிக்கணும். பசை போடுறவன் பின்னால வர்றவனை நம்பாதவன்” என்பார். ஆணியை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக விடுவார். பழுதுபார்த்ததை மறைக்கும் திருட்டுத்தனம் இல்லை என்பதற்கு அது அடையாளமாம். மூடுவதற்கு முன்னால் ஒட்டின் உட்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி, கீழே காரணம் எழுதுவார். ‘கரையான்’ என்று ஓர் உத்தரத்தில் எழுதினார். அடுத்ததில் ‘மேற்படி’ என்று எழுதினார். அடுத்ததிலும் ‘மேற்படி’.

“ஏன்பா கரையான்னே எழுதல?”

“காரணம் அதேதான்னா ஒரு வார்த்தை போதும்மா.”

அலுவலகக் கோப்பிலிருந்து அவர் நாக்கில் தொற்றிக்கொண்ட வார்த்தை அது. “காலையில மாத்திரை போட்டீங்களா?” என்று அம்மா கேட்டால் “போட்டேன்” என்பார். “மத்தியானம்?” என்றால் “மேற்படி.” அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே மேற்படி சார்தான்.

“என்னக்கா? என்ன ஆச்சு?” என்று தம்பி மேலிருந்து கேட்டான்.

அவள் ரம்பத்தைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் ஒரு வட்டத்தில் மெல்லத் தட்டினாள். அசைந்தது. இன்னொரு தட்டு. மர ஆணி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மெழுகு தடவிய ஆணி. விரலால் பிடித்து இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் வந்தது.

“இந்தப் பக்கம் வா. உருண்டையைப் பிடி” என்றாள் தம்பியிடம். இருவருமாகத் தூக்கினார்கள். கைப்பிடித் துண்டோடு சேர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல், தூண் கழன்று அவர்கள் கைக்கு வந்தது.

“ஐயோ!” என்றான் தம்பி.

தூணின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த நாக்கைத் தன் பக்கம் திருப்பினாள் மூத்தவள். அப்பாவின் கையெழுத்து. பென்சில். அம்மா போன தேதி. அதற்குக் கீழே, வழக்கம்போல, காரணம்.

‘முதுகு வலி.’

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். செத்தவளுக்கு முதுகு வலிக்குமா? அது அவருக்குத் தெரியாதா? விடியற்காலையில் மூச்சு நின்றதிலிருந்து பக்கத்தில் இருந்தவர் அவர்தானே. தெரிந்துதான் அறுத்திருக்கிறார். சுவரில் நாலு துளை போட மனம் வராத மனிதர், தன் கையால் பட்டியலில் எழுதிய படிக்கட்டை, தன் கையாலேயே அறுத்திருக்கிறார். கட்டைவிரலில் சுற்றியிருந்த துணி அவள் கண்முன் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல், தூணை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ‘முதுகு வலி’ என்று தம்பி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தான். பிறகு அவனும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கீழே கூட்டம் விலகி யாருக்கோ வழி விட்டது. டிராயிங் மாமா, ஒரு கை சுவரிலும் ஒரு கை கைப்பிடியிலுமாக ஏறி வந்தார். அப்பாவோடு அந்த அலுவலகத்தில் காலமெல்லாம் வரைபடம் போட்டவர். மூட்டு வலியால் எங்கே போனாலும் கடைசியாகத்தான் வந்து சேர்வார். திருப்பத்துக்கு வந்தவர், கழன்று கிடந்த தூணையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“பார்த்துட்டியாம்மா” என்றார்.

“அறுத்தது யார் மாமா?”

“அவர்தான். நான் பிடிச்சுக்கிட்டேன். அன்னிக்கு விடிஞ்சதும் போன் பண்ணி வரச் சொன்னார். வண்டிக்காரன் நாற்காலி கேட்டான். அதுக்கு அவர் போட்டார் பாரு ஒரு சத்தம், அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. ‘அவ உக்கார மாட்டா’ன்னார். அவ்வளவுதான். ரம்பத்தை எடுத்துட்டார்.”

வயதான வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று வந்த வண்டிக்காரர் தான் இல்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டவர் போலிருந்தது.

“நீங்க வர்றதுக்குள்ள தூணைத் திரும்ப நிறுத்தி, வெட்டின இடத்துல மெழுகு பூசி மறைச்சோம். நீங்க ஊருக்குப் போனப்புறம் மூணு மாசம் இங்கயே உக்கார்ந்து செதுக்கிச் சேர்த்தார். அதுக்கப்புறம் எந்த வீட்டுக்காரனையும் அவர் திட்டி நான் பார்க்கலை. எவனாவது எதையாவது வெட்டினான்னு புகார் வந்தா, ‘என்ன அவசரமோ, கேளுப்பா முதல்ல’ம்பார்.”

மருந்துக்கடைக்காரர் கீழ்ப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரம்பத்தை அவள் பக்கத்திலிருந்து மெதுவாக எடுத்துச் சாக்கில் சுற்றினார்.

“என் கிட்ட ஏன் சொல்லலை மாமா? நான் கேட்டேனே. வந்ததும் முதல்ல அதைத்தானே கேட்டேன்?”

டிராயிங் மாமா தயங்கினார். “உன் கிட்ட சொல்லத்தான் அவருக்கு ரொம்பப் பயம்.”

“என் கிட்டயா?”

“‘போனப்புறம் அறுத்தீங்களே, இருக்கும்போது ஒரு துளை போடலையேப்பான்னு கேட்பா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை’ன்னார்.”

மூத்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“கேட்டிருப்பேன்” என்றாள்.

அது உண்மை. கேட்டிருப்பாள். அவர் எதிரில் இருந்தால் இப்போதும் கேட்பாள். அந்தக் கேள்வி எங்கேயும் போய்விடவில்லை, இலைகளோடு சுவரில் அப்படியேதான் இருந்தது. ஆனால் நாற்காலியில் கட்டுண்டு இறங்கிய அம்மா மட்டும் இனிமேல் வர மாட்டாள். ஆறு வருஷமாக அப்படி ஒருத்தியே இல்லை. இருந்ததெல்லாம் சுகமாகப் படுத்தபடியே இறங்கிய அம்மா. அதைத் தெரிந்துகொள்ள அவர் சாக வேண்டியிருந்தது.

“தூக்குங்க” என்றாள் எழுந்து.

இப்போது ஸ்ட்ரெச்சர் எங்கேயும் முட்டவில்லை. தூண் இருந்த இடத்துக்கு மேலாக அப்பாவின் கால் பக்கம் காற்றில் ஓர் அரை வட்டம் சுற்றி, தலைப் பக்கம் அதன் பின்னால் வந்தது. அவர் சாயவில்லை, நழுவவில்லை. தம்பி பழக்கத்தில் “சுவர், சுவர்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். யாரும் சுவரைத் தொடவில்லை. கூடத்தில் அம்மா படுத்திருந்த அதே இடத்தில் அவரைக் கிடத்தினார்கள். புது அதிகாரி மலர்வளையத்தை வைத்துவிட்டு மூத்தவளிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இன்னிக்கு மாடிப் பக்கமே வரலை மேடம்” என்றாள்.

எல்லாம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கூடத்தில் இரண்டு நாற்காலிகளின் மேல் தூண் குறுக்காகக் கிடந்தது. யாரோ அதன் மேல் ஒரு துண்டை வேறு போர்த்தியிருந்தார்கள்.

“திருப்பத்துல பிடிமானம் இல்லாம இருக்கு அண்ணி. யாராவது விழுந்து வச்சா வம்பு” என்றாள் தம்பி மனைவி. “இன்னிக்கே மாட்டிடலாமா?”

“மாட்டிடலாம். கொஞ்சம் பொறு.”

மூத்தவள் அப்பாவின் மேஜைக்குப் போய், அவர் எப்போதும் காதில் சொருகிக்கொள்ளும் குட்டைப் பென்சிலை எடுத்து வந்தாள். கத்தியால் சீவிய முனை இன்னும் கூராக இருந்தது. துண்டை விலக்கி, தூணின் நாக்கை வெளிச்சத்துக்குத் திருப்பி, அருகில் மண்டியிட்டாள். தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எழுதித்தான் ஆகணுமா?”

“கழட்டினோம்ல. எழுதலைன்னா அப்பா விட மாட்டார்.”

அம்மாவின் தேதிக்கும் காரணத்துக்கும் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. தற்செயலாக விட்ட இடமா, தெரிந்து விட்ட இடமா என்று சொல்ல முடியவில்லை. அவள் இன்றைய தேதியை எழுதினாள். பென்சில் அங்கேயே நின்றது.

“அப்பாவுக்கு என்னன்னு எழுதுவே? அவருக்கு முதுகுல ஒண்ணும் இல்லையே” என்றான் தம்பி.

அவள் குனிந்து எழுதினாள்.

‘மேற்படி.’

தம்பி அதைப் படித்தான். சிரிப்பது போல் வாயைத் திறந்தவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கைப்பிடிப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டான். அவள் தூணைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் ஏறினாள். மர ஆணிகள் இரண்டும் அவள் இடுப்பு மடிப்பில் இருந்தன.

“அக்கா, பார்த்து. சுவர்.”

“தெரியும்டா.”

திருப்பத்தில் இடம் போதவில்லை. தூண் சாய்ந்தபோது அவள் தன் ஒரு கையை விடுவித்து, மரத்துக்கும் இலைகளுக்கும் நடுவில் புறங்கையைக் கொடுத்துக்கொண்டாள்.